ஏட்டையா மூச்சு விடும் இடம்

கண்ணுச்சாமியை யாராவது கொன்றால் அது அவருக்கு நல்லது செய்ய வருகிற ஆளாகத்தான் இருக்கும். மதுரையில் ஆபரேஷன் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டுக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அவருக்கு இது விளங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷம் போலீஸ் வேலை பார்த்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசிப்பது அவருக்குப் பழகிப்போன காரியம்.

புற்று வந்த குரல்வளையை டாக்டர்கள் முழுசாக எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் எட்டணா அகலத்துக்கு ஒரு துளை வைத்திருந்தார்கள். மூச்சு இனி அந்த வழிதான். மூக்கும் வாயும் முகத்தில் இருந்தன, ஆனால் காற்றுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. சாப்பிடலாம், குடிக்கலாம். காபியை ஊதி ஆற்ற முடியாது, பால் தீய்ந்தால் வாசம் தெரியாது. பேச வேண்டுமென்றால் டார்ச் லைட் போன்ற ஒரு மிஷினைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்த வேண்டும். தேவதானத்திலிருந்து போன் பண்ணிய சொந்தத் தம்பியே அந்தக் குரலைக் கேட்டு, எவனோ பேங்க் மோசடிக்காரன் என்று கட் பண்ணிவிட்டான். ஏட்டையா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தம் மட்டும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. துளைக்குள் போகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். நம் ஊரில் ஒருவன் மயங்கி விழுந்தால் என்ன செய்வோம்? யாரையும் கேட்க மாட்டோம், கையில் கிடைத்த தண்ணீரை முகத்தில் அடிப்போம். திருவிழாக் கூட்டத்தில் அவரே எத்தனை பேர் முகத்தில் அடித்திருக்கிறார்! ஆகவே, தான் மயங்கி விழப்போகும் நாளை அவர் குற்றவாளியைத் தேடுகிற மாதிரி தேட ஆரம்பித்தார். எங்கே நடக்கும், யார் பக்கத்தில் இருப்பார்கள், யார் கையில் செம்பு இருக்கும்?

"கழுத்து வழியாக மூச்சு விடுபவர். தண்ணீர் தெளிக்கக் கூடாது" என்று ஒரு அட்டை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் காட்டினார். மெடிக்கல் கடைக்காரர் பரிபூரணத்திடமும் காட்டினார்.

"ஏட்டையா, நாங்க எதுக்கு இருக்கோம்? ஒங்களுக்கு ஒண்ணுன்னா ஓடி வரமாட்டமா?" என்றார் பரிபூரணம்.

அந்த ஓடி வருவதற்குத்தான் ஏட்டையா பயந்தார். ஊர் முழுக்க அன்பானவர்கள். ஒருவரையும் நம்ப முடியவில்லை.

மனைவி ஆனந்தவல்லியை மட்டும் நம்பினார். ஆரம்பத்தில் அந்தத் துளையைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். பிறகு சளியைத் துடைத்து, துளை மேல் கட்டும் துணியை மாற்றி, நர்ஸ் தோற்றுப்போகிற அளவுக்குப் பழகிவிட்டாள். தினமும் சாயங்காலம் அவளிடம் பாடம் கேட்பார்.

"நான் விழுந்தா?" என்று மிஷின் கரகரக்கும்.

"மொதல்ல கழுத்துத் துணிய எடுக்கணும், பட்டன கழட்டணும். காத்துக் குடுத்தா கழுத்துல குடுக்கணும், மூக்குல இல்ல. தண்ணி தெளிக்கவே கூடாது. போதுமா? எம்புட்டு நாளைக்குத்தான் கேப்பீங்க?"

அவர் விடவில்லை. ஏழு மாசம் கேட்டார்.

வைகாசியில் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம், ஆனந்தவல்லியின் அண்ணன் மகளுக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வெயிலில் நடந்து, மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது ஏட்டையாவுக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடிக்கப் போனார், சுவர் எட்டவில்லை. குப்புற விழுந்தவரை யாரோ மல்லாக்கப் புரட்டினார்கள்.

கை கால் அசையவில்லை. காது கேட்டது, பாதி மூடிய இமை வழியாகக் கொஞ்சம் தெரிந்தது. "ஏலே, தண்ணி கொண்டாங்கலே!" என்று ஒரு குரல். "சோடா இருக்கா பாரு!" என்று இன்னொரு குரல். நாள் இதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் எங்கேயோ உருண்டு போயிருந்தது. அட்டை பையில் கிடந்தது, அதை யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்?

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆனந்தவல்லி வந்தாள். "தள்ளுங்க, எனக்குத் தெரியும், தள்ளுங்க!" என்று கத்தினாள். கழுத்துத் துணியை எடுத்தாள், பட்டனைக் கழற்றினாள். காற்று உள்ளே வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தார். அந்த நேரத்தில் எவரோ அவள் கையில் ஒரு செம்பைத் திணித்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் வாயெல்லாம் அழுகையாக, "ஏங்க, முழிச்சுப் பாருங்க" என்றபடி செம்புத் தண்ணீரை அள்ளி அள்ளி அவர் முகத்தில் அடித்தாள்.

தண்ணீர் தாடையில் வழிந்து துளைக்குள் இறங்கியது. ராஜபாளையத்தின் அத்தனை வெயிலுக்கு நடுவே அவர் முங்கினார்.

இருமல்தான் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஆனந்தவல்லி அவர் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரியும்ங்க எனக்கு. இந்தக் கை கேக்கலியே. என் கையாலயே ஒங்களக் கொல்லப் பாத்தனே."

அவர் மிஷினை எடுத்து வைத்தார். "விடு வல்லி. யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாக." மனசாரத்தான் சொன்னார். அவளும் நம்பினாள். அன்று ராத்திரி இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.

மறுநாள் காலையில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாத்திரை போடுகிற நேரம் என்று ஆனந்தவல்லி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து குனிந்தாள்.

ஏட்டையாவின் கை அவரைக் கேட்காமல் மேலே போய்த் துளையைப் பொத்திக்கொண்டது. பொத்தியதில் மூச்சு அடைத்தது. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது. கையை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எடுக்க முடியவில்லை. அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து, வாசல்படியைத் தாண்டித் தெருவில் போய் நின்ற பிறகுதான் அந்தக் கை இறங்கியது.