செய்கை கேட்கும் பத்மாசினி ரீச்சர்

“விடை கிடக்கட்டும். செய்கை எங்கை?” என்று கணினித் திரையைப் பார்த்துப் பத்மாசினி ரீச்சர் கேட்கிறார். கணக்கைச் செய்த வழியைப் படிப்படியாகக் காட்டச் சொல்லி, இருபத்தாறு வருடமாக நல்லூர்ப் பிள்ளைகளை அவர் வதைத்த கேள்வி அது. நேற்று வந்த இயந்திரத்துக்கு மட்டும் சலுகை கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

உயர்தர வகுப்பு மாணவரின் செயற்கை நுண்ணறிவுத் திறனை மதிப்பிடும் பொறுப்பு இவ்வருடம் அவர் தலையில் விழுந்தது. மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். முதல் நாள் கொப்பிக்கு உறை போட்டார். மூன்றாம் நாள் சான்றிதழை வாங்கி, வீட்டுக்கு வரும் வழியிலேயே லமினேற் செய்தார். இயந்திரத்தை ‘அவர்’ என்றுதான் சொல்வார். “படிச்ச மனிசர் மாதிரிக் கதைக்கிறார். ஆனா தெரியாது எண்டு மட்டும் ஒருக்காலும் சொல்லமாட்டார். அதுவும் படிச்ச மனிசர் மாதிரித்தான்.”

பிழை பிடிப்பதில் அவர் கண் பொல்லாதது. சனசமூக நிலைய விருந்துக்கான அறிவித்தல் ஒன்றில் இயந்திரம், ஊரே மரக்கறி சாப்பிடும் வெள்ளிக்கிழமைக்கு ஆட்டிறைச்சிக் கறி போட்டிருந்தது. அதை அப்படியே ஒப்படைத்த மாணவன் யதுசனை எழுப்பி நிறுத்தினார்.

“அவருக்குத்தான் ஊர் தெரியாது. உமக்குமோ?”

யதுசனின் பத்துப் புள்ளி பறந்தது.

அடுத்த கேள்வி: உயிர்காப்பு அங்கி அணியும் பயிற்சிக்குக் குருநகர்க் கடற்றொழிலாளரை அழைக்கும் அறிவித்தல். இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்து, பிழையிருந்தால் திருத்துவிக்க வேண்டும். ‘ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கடலிலிருந்து வந்த கையோடு வருக’ என்று அது மணியாக எழுதியது. ஐந்து பேர் அதையே கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் இருபதுக்கு இருபது.

ஆறாவது தாள், குருநகர் மேர்சியினது. இயந்திரத்தின் விடை இருக்க வேண்டிய இடத்தில், கையால் எழுதிய மூன்று வரி அறிவித்தல். புள்ளித்திட்டப்படி பூச்சியம், ரீச்சர் அதைப் போட்டும் விட்டார். மற்றப் பகுதிகளில் மேர்சிக்கு முப்பத்தெட்டு. நாற்பது இல்லாவிட்டால் அவள் காத்திருக்கும் கொழும்புக் கற்கைநெறி கை நழுவிவிடும்.

“என்ன பிள்ளை இது? அவரைக் கேட்கவே இல்லையோ?”

“மூண்டு தரம் கேட்டனான், ரீச்சர். மூண்டு தரமும் மன்னிப்புக் கேட்டிட்டு, திரும்ப ஞாயிறையே போடுறார்.”

“ஞாயிறுக்கு என்ன குறை?”

“எங்கடை ஆக்கள் ஞாயிறு தொழிலுக்குப் போறேல்லை. எட்டு மணிக்கு ஊர் முழுக்கத் தேவாலயப் பூசையிலை நிக்கும். உதை ஒட்டினா முதல் கிழிக்கிறது பங்குச் சுவாமிதான்.”

பின்வரிசை வாங்கிலிருந்து யதுசனின் குரல் மெல்லக் கேட்டது: “அப்ப ஊர் தெரியாதது ரீச்சருக்குமோ?”

ரீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. குருநகர் அவர் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். வெள்ளி தவிர்ந்த நாட்களில் அந்தக் கரை மீன்தான் அவர் சட்டியில் கொதிக்கிறது.

மேர்சிக்கும் இயந்திரத்துக்கும் நடந்த வாக்குவாதத்தைத் திரையில் மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மூன்று மன்னிப்புகளையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். பூச்சியத்தை வெட்டி இருபது போட்டு, பக்கத்தில் கையொப்பம் வைத்தார்.

பிறகு, முழுப் புள்ளி போட்டுக் கட்டி வைத்திருந்த ஐந்து தாள்களையும் அவிழ்த்து மேசையில் பரப்பினார். கதிரையை விட்டு எழும்பினார்.

“உதிலை இரும், பிள்ளை” என்று மேர்சியிடம் சிவப்புப் பேனையை நீட்டினார்.