மீசை பாக்கி

சிவப்பு விளக்கில் லாரி நின்றால் போதும், கனகராஜ் சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்துப் பக்கக் கண்ணாடியைப் பார்த்து மீசையை வாரிவிடுவார். மலேசியாவின் மூவாரில் மேசை நாற்காலி ஏற்றிச் சிங்கப்பூருக்குப் போகும் முப்பது வருஷ ஓட்டத்தில் சீப்புகள் மாறின, மீசை மாறவில்லை. சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளில் கூடவே போன மகள் லோஷினிக்கு, பச்சை விழுமுன் சீப்பு உள்ளே போய்விடுமா என்று பார்ப்பதே விளையாட்டு.

அவருடைய இன்னொரு பெருமை, அத்தை மகள் வெள்ளையம்மாவைக் கட்டியது. வழியில் யோங் பெங்கில் தேநீருக்கு நிறுத்தினால் கடைக்காரரிடமும் சொல்லிவிடுவார். லோஷினிக்கு அதில்தான் கூச்சம். வீட்டின் முதல் பட்டதாரி அவள்; அப்பாவும் அம்மாவும் சொந்தம் என்பதைப் பற்றிப் பல்கலைக்கழகத் தோழிகளிடம் மூச்சு விட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளையம்மாவின் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது குறைந்துபோனது. பொருந்துகிற ஒருவருடைய மஜ்ஜை கிடைத்தால்தான் பிழைப்பாள். திசு அடையாளங்கள் ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடுகின்றன. கொடையாளர் பதிவேட்டில் ஒருவரும் அகப்படவில்லை. அவளுடைய ஒரே அண்ணன் ராஜசேகரனும் பொருந்தவில்லை.

"என்னோடத எடுங்க டாக்டர்" என்றார் கனகராஜ்.

"நீங்க வீட்டுக்காரர்லா."

"வீட்டுக்காரன் அப்புறம். மொதல்ல அவளுக்கு மாமன் மகன்."

டாக்டர் நர்மதா குடும்ப விவரப் பாரத்தைப் புரட்டினார். "சொந்தத்துல கல்யாணம் இல்லன்னு போட்டிருக்கே?"

பக்கத்தில் நின்ற லோஷினிக்குக் காது சுட்டது. அம்மாவின் உயிரைவிடத் தன் கௌரவமா பெரிதாய்ப் போயிற்று?

"நான்தான் போட்டேன். பொய்" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "பிள்ளைக்கு அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதி வரும். அதனால அம்மாவோட முழுசா பொருந்துறது அபூர்வம். ஆனா உங்கம்மாகிட்ட உள்ள ஒரு பாதி சொந்தத்துல அப்பாகிட்டயும் இருந்தா? உங்களையும் பாத்துடலாம்."

வெளியே ராஜசேகரன் சீண்டினார். "கூடப் பொறந்த எனக்கே இல்ல. உனக்கா மச்சான்?"

"முழுசாப் பொருந்தலன்னா மீசைய எடுத்துடுறேன்லா."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கனகராஜ் பாதி. லோஷினி முழுசு. கனகராஜின் தாத்தாவிடமிருந்த ஒரே பாதி, அவர் மகள் வழியாக அம்மாவுக்கும், மகன் வழியாக அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து அவளுக்கும் வந்திருந்தது. மிச்சப் பாதியை அம்மாவே கொடுத்திருந்தாள்.

மகளின் மஜ்ஜை ஏறிப் பிழைத்த வெள்ளையம்மா இப்போது சமையலறையிலிருந்து போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கிறது. சொந்தத்தில் கட்டுவது சரியா என்று கேட்டால் லோஷினியிடம் இன்னும் நேரான பதில் இல்லை. ஆனால் பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள்.

ராஜசேகரன் ஒவ்வொரு தீபாவளிக்கும் சவரக்கத்தியோடு வருகிறார்.

"எடு மச்சான்."

"பாதி பொருந்துச்சுல்ல?"

"அப்ப பாதி மீசையாச்சும் எடு."

"மிச்சப் பாதிய என் மக பொருத்திட்டா. அவ யாரு ரத்தம்?"

"ரெண்டு பேரும் மொதல்ல வந்து சாப்பிடுங்க" என்கிறாள் வெள்ளையம்மா.

கனகராஜ் சட்டைப் பையைத் தடவிச் சீப்பை எடுக்கிறார். மீசை இன்னும் பாக்கி.