யாரும் பதில் சொல்லாத இரண்டு வாரம்

கணினி இயங்குதளம் ஒன்றைப் பராமரிக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் கூட்டம் அது. எங்கள் பேச்செல்லாம் மின்னஞ்சலில்தான். தில்லி ஆர்.கே.புரத்தில், என் கணவருக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து என் பங்கைச் செய்கிறேன்.

கணினியோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் டிரைவர் என்று ஒரு நிரல் உண்டு. வேலை செய்வதற்கு அது நினைவகத்தில் இடம் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும் முறை கண்றாவியாக இருந்தது. ஐந்து விவரங்கள் சொல்ல வேண்டும். அதில் மூன்றை எல்லா டிரைவர்களும் ஒப்புக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. குப்பையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஐந்தை இரண்டாக்கினேன். ஒரே ஒரு பழைய டிரைவர் மட்டும் மசியவில்லை. அதற்கு நினைவகத்தின் தொடக்கப் பகுதியில்தான் இடம் வேண்டுமாம்.

எங்கள் வழக்கப்படி எல்லோருக்கும் எழுதினேன்: "இந்தக் கருவியை யாராவது வைத்திருக்கிறீர்களா?" இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் யாரும் இல்லை என்று அர்த்தம். வரவில்லை. டிரைவரைத் தூக்கிவிட்டேன். பாராட்டிக்கூட எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருடம் கீழ்வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டினார். நாகர்கோவில்காரர். பார்வை இல்லாதவர், பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர்.

"ஸ்கூல்ல கம்ப்யூட்டர அப்டேட் பண்ணிவிட்டாங்க. அதுலேர்ந்து பிரெயில் அடிக்கிற மிஷின் ஓடல. திங்கக்கிழம பரீட்ச. கணக்குக் கேள்விய வெரலால தடவிப் பாக்காம, காதால கேட்டுப் போட முடியுமா பிள்ளைங்களால? கொஞ்சம் வந்து பாக்கியளா?"

போய்ப் பார்த்தேன். நான் தூக்கிய டிரைவர் அந்த மிஷினுடையதுதான். பழைய பதிப்பையே போட்டுவிடலாம் என்றால், பள்ளியின் கணினிகளைக் கவனிக்கும் ஒப்பந்தக்காரர் போனில், "பர்மிஷன் நஹீ ஹை, மேடம்" என்று, அனுமதி இல்லாததைச் சொல்லி முடித்துக்கொண்டார். டிரைவரைத் திருத்தி அன்றே எங்கள் கூட்டத்துக்கு அனுப்பினேன். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அது வெளிவந்து இந்தப் பள்ளிக்கு எட்டுவதற்குள் பரீட்சை முடிந்து, பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கே போயிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் டீச்சர் பிரெயில் எழுதும் சட்டத்தில் தடித்த காகிதத்தைச் செருகி, குத்தூசியால் புள்ளி புள்ளியாகக் குத்தத் தொடங்கினார். பன்னிரண்டு பிள்ளைகள். எனக்குப் பிரெயில் தெரியாது. கேள்வித்தாளை வாசித்துச் சொல்வது ஒன்றுதான் என்னால் முடிந்தது. மாலை நான்கு மணிக்கு நான்காவது பிரதிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ஆள்காட்டி விரல் கன்றிப்போயிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டீச்சர், அந்த மிஷின் ஓடாமப் போனது என்னாலதான். யாராச்சும் வச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

குத்தூசி நின்றது.

"யாருகிட்ட கேட்டிய?"

டீச்சர் காகிதத்தைத் தடவி, விட்ட இடத்தைக் கண்டுபிடித்தார்.

"சரி, அடுத்த கேள்விய வாசிங்க" என்றார்.