சீமாட்டிக்குத் துணை தேடிய படலம்

முயல் விற்பது கஷ்டமான தொழில் இல்லை; ஏற்கெனவே ஒரு முயல் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு முயலை விற்பதுதான் கஷ்டமான தொழில். எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலைக்காகக் கல் ஏற்றிய லாரிகள் ஓடிக்கொண்டிருந்த சமயம். மீன் மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் நான் கோழித் தீவனக் கடை வைத்திருந்தேன். தீவனத்தோடு கோழிக்குஞ்சு, புறா, முயல் எல்லாம் உண்டு. கூண்டு அடிப்பதற்குக் கூட்டாளியாக சேவியர். மீன்வலை பின்னிப் பழகிய கை என்பதால் கம்பி வலையும் அவனுக்கு நூல் மாதிரி வளைந்து கொடுக்கும். முயலைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்தது, அதற்குக் காது நீளம் என்பது மட்டும்தான். தொழில் நடத்த அது போதும் என்று நினைத்தோம். ஒரே வீட்டில் இரண்டு உயிர்களை ஒத்துப்போக வைக்க முயன்று கையைச் சுட்டுக்கொண்ட வாசகர்கள் மட்டும் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இது புரியாது.

பிரியமில்லாதவர்

ஒருநாள் காலை லூர்து தண்டல் கடைக்கு வந்தார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் தலைமை வகிப்பவரைத் தண்டல் என்பார்கள். அவர் கரையேறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்தவர் முயல் கூண்டைப் பார்க்காமல் தவிட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் மனைவி ஒரு ஜோடி முயல் வளர்த்தாராம். போன வருஷம் மனைவி தவறிவிட்டார். போன மாதம் ஆண் முயலும் செத்துப்போனது. மிச்சம் இருப்பது ஐந்து வயசுப் பெண் முயல். பெயர் சீமாட்டி. அது இப்போது மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, காலையில் வைத்த கீரையை மாலை வரை தொடுவதில்லை. கையில் வைத்துக் கெஞ்சினால் இரண்டு இலை. இதையெல்லாம் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி ஒரு குரலில் சொன்னார்.

நான் பெரிய டாக்டர் தோரணையில் தலையாட்டினேன். துணை இல்லாத ஏக்கம், ஒரு ஆண் முயலைக் கொண்டுபோய் விட்டால் இரண்டே நாளில் சரியாகிவிடும் என்றேன். கூண்டுக்குள் கைவிட்டு, பார்க்க மிடுக்காக இருந்த ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். இவ்வளவு பாசமாக முயல் வளர்க்கிறவரை இந்த ஊரில் பார்த்ததில்லை என்று உபசாரமாக ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தேன். தண்டலுக்கு அது பிடிக்கவில்லை.

"எனக்கு முயல் மேல பிரியமெல்லாம் கெடையாது, வே. அது தின்னாம கெடந்தா எனக்கும் சோறு எறங்கமாட்டேங்கு, அவ்வளவுதான்."

முகராசி பார்த்த லட்சணம்

மறுநாள் கடை திறக்கும் முன்பே தண்டல் வாசலில் நின்றார். கையில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் என் மிடுக்கான மாப்பிள்ளை, காது ஓரம் கிழிந்து, முதுகில் ஒரு கைப்பிடி முடி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. நேரே கூண்டுக்குள் விட்டாராம். வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தில் வீடெல்லாம் இலவம்பஞ்சு பறந்ததாம். பிரிக்கப் போன அவர் கட்டைவிரலிலும் கட்டு. நான் அசரவில்லை. புது மாப்பிள்ளை என்றால் கொஞ்சம் ஊடல் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

சேவியர் அந்த முயலை வாங்கி மல்லாத்திப் பார்த்தான். ஒருதரம் என்னைப் பார்த்தான். மறுபடியும் முயலைப் பார்த்தான். அது பெண். சின்ன வயசில் ஆண் பெண் கண்டுபிடிப்பது சிரமம் என்பது உண்மைதான். ஆனால் பார்த்தால் அல்லவா சிரமம்? நான் பார்த்ததே இல்லை. ஒரு வருஷமாக முகத்தில் இருக்கிற கம்பீரத்தை வைத்து நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதலாக ஒரு சக்களத்தியை அனுப்பியிருக்கிறேன். தண்டல் அந்தப் பக்கம் திரும்பித் தாடியைச் சொறிந்துகொண்டார். சேவியர்தான் தீர்ப்புச் சொன்னான்.

"மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்னு சொன்னீரு. இனிமே கீழயும் கொஞ்சம் பாரும்."

பெண் வீட்டில் மாப்பிள்ளை

இந்தத் தடவை சேவியரே தேர்ந்தெடுத்தான். சந்தேகத்துக்கு இடமில்லாத ஆண், சாம்பல் நிறம், சாந்த சொரூபி. மேற்பார்வைக்கு நானும் தண்டல் வீட்டுக்குப் போனேன். சீமாட்டியை அன்றுதான் நேரில் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று, விலா எலும்பு தெரிய, மூலையில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நலிந்ததா அவ்வளவு அடி அடித்தது என்று எனக்கு ஆச்சரியம். சாம்பல் மாப்பிள்ளையைக் கூண்டுக்குள் விட்டேன். அவன் நல்லவன்தான். ஆனால் உள்ளே போனதும் முதல் காரியமாக, செத்துப்போன பழைய முயலின் மண் சட்டியில் தண்ணீர் குடித்தான்.

சீமாட்டி பின்காலால் தரையை ஓங்கி ஒரு தட்டு தட்டியது. அவ்வளவுதான் எச்சரிக்கை. அடுத்த நிமிஷம் மாப்பிள்ளை கூண்டை விட்டு வெளியே, தண்டலின் தோணிக்காலத்துத் தகரப்பெட்டிக்குப் பின்னால். சீமாட்டி அவன் பின்னால். நிபுணன் என்ற முறையில் நான் நடுவில். என் மணிக்கட்டில் பதிந்த நாலு பல்லும் சீமாட்டியுடையவை. ஏக்கத்தில் இருக்கிற முயல் என்று கடித்த இடத்தைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். தண்டல் பதறாமல் இரண்டையும் பிரித்தார். என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். கழுவிக்கொண்டே சொன்னார்:

"அவ வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை கேக்காம ஆளக் கொண்டாந்து விட்டா கடிக்கத்தான் செய்வா. எம் பொஞ்சாதியா இருந்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கடிச்சிருப்பா."

கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

மானம் போனது போகட்டும் என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். அவரிடம் முயல் வைத்தியத்துக்கு வந்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது, சந்தோஷப்பட்டார். முயலுக்குத் தன் இடம்தான் பெரிது, அதிலும் பெண் முயலுக்கு. நடுவில் கம்பி வலை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒன்று படுத்த சாக்கைத் தினமும் மற்றதன் பக்கம் மாற்றிப் போடுங்கள், வாடை பழகட்டும், கம்பி ஓரமாக ஒரே நேரத்தில் இரை வையுங்கள் என்றார். சேவியர் இரண்டு அறை வைத்துக் கூண்டு அடித்தான். அதில் இருந்த நேர்த்தியைப் பார்த்து நாமே குடிபோய்விடலாமா என்று தோன்றியது.

சாக்கு மாற்றும் வேலையைத் தண்டல் தோணியில் முறைக்காவல் மாற்றுவது போல நேரம் தவறாமல் செய்தார். தினமும் கடைக்கு வந்து நிலவரம் சொல்வார். இன்றைக்கு முறைத்தது. இன்றைக்கு முதுகைக் காட்டியது. இன்றைக்கும் முதுகுதான், ஆனால் கம்பிக்கு ஒரு சாண் பக்கத்தில். ஐந்தாம் நாள் அதிசயம்: மாப்பிள்ளை தின்றுகொண்டிருந்த முருங்கைக் கீரையைச் சீமாட்டி கம்பி வழியாக இழுத்துத் தின்றுவிட்டது. பசியால் இல்லை, அவன் தின்னக்கூடாது என்பதால். எதுவானால் என்ன, வயிற்றுக்குள் போனால் சரி என்று மூவரும் டீ குடித்துக் கொண்டாடினோம்.

பத்தாம் நாள் தண்டல் வந்தார். வழக்கமாக வாசலிலேயே என்னை இரண்டு கேலி பேசிவிட்டுத்தான் படியேறுவார். அன்று நேரே படியேறினார். வாடிப்போன ஒரு கீரைக்கொத்தை மேஜை மேல் வைத்தார். சேவியர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"நேத்து காலையில வச்சது, வே. ஒரு இலைகூட கொறையல."

யாருக்கும் சொந்தமில்லாத இடம்

இரண்டாம் நாளும் தின்னாவிட்டால் முயலின் குடல் நின்றுவிடும் என்றார் டாக்டர். இனிக் கம்பியை நம்பிப் பயனில்லை, இரண்டுக்குமே பழக்கமில்லாத ஒரு இடத்தில், ஒதுங்க வழியில்லாத சின்ன இடத்தில் சேர்த்து விட்டுப் பாருங்கள் என்றார். கேட்க எளிதாக இருந்தது. தண்டல் வீடு சீமாட்டியுடையது. என் கடை மாப்பிள்ளையுடையது. கோயில் வளவில் நாய்கள். என் வீட்டைக் கேட்டுப் பார்த்தேன். உங்களை வைத்துக்கொண்டு படுகிற பாடு போதும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இவ்வளவு பெரிய ஊரில் இரண்டு முயல் சந்திக்கப் பொது இடம் கிடையாது.

சேவியர்தான் கடலைக் கை காட்டினான். அவன் அண்ணன் வள்ளம் பழைய துறைமுகத்தில் சும்மா கிடந்தது. வெயில் ஏறுமுன் ஒரு பெரிய ஓலைக் கடகத்தில் இரண்டு முயலையும் வைத்து, கூடவே ஒரு பிடி முருங்கைக் கீரையும் போட்டு, மூவரும் ஏறினோம். தண்டல் யாரையும் கேட்காமல் சுக்கான் பக்கம் போய் உட்கார்ந்தார். கடகத்தில் அது ஒரு மூலை, இது ஒரு மூலை. படகு கட்டும் ஜெட்டியைத் தாண்டியதும் கச்சான் என்கிற மேல்காற்று பிடித்தது. அப்போது தண்டல் என்ன செய்தார் தெரியுமா? அலையை வெட்டிப் போகத் தெரிந்த மனுஷன், வேண்டுமென்றே வள்ளத்தை அலைக்குக் குறுக்கே விட்டார். வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு முயலும் வழுக்கிக்கொண்டு போய் ஒன்றின் மேல் ஒன்று மோதின. நான் முடி பறக்கப்போவதை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் பறக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது சீமாட்டி தன் தலையை மாப்பிள்ளையின் தாடைக்கு அடியில் செருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அவனும் நடுங்கினான், ஆனால் நகரவில்லை. அடுத்த அலைக்கு இன்னும் நெருங்கின. திரும்பி வரும்போது அவன் அதன் நெற்றியை நக்கிக்கொடுத்தான். அது ராணி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காட்டியது. ஜெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் அமைதியானதும், கடகத்துக்குள்ளிருந்து இலை கடிபடும் சத்தம் கேட்டது. தண்டல் சுக்கானை விடவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. தின்பது எது என்று மட்டும் கேட்டார். சீமாட்டிதான் தின்கிறது என்று சேவியர் சொன்னான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் தெறித்திருக்கலாம். இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க நேரத்தில் நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"முயல் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு," என்றான் சேவியர். "கரைக்குப் போனதும் டாக்டர்ட்ட உம்மத்தான் காட்டணும்."

புகார்

இன்னும் மூன்று நாள் காலையில் அதே சவாரி. நான் கரையில் நின்று ஊக்கம் கொடுத்தேன். அதற்குள் தண்டல் கூண்டைக் கழுவிக் காயவைத்து, நடுக்கம்பியை எடுத்துவிட்டு, புதுச் சாக்கு விரித்தார். பழைய மண் சட்டியை அலமாரியில் ஏற்றிவிட்டுப் புதுச் சட்டி வைத்தார். இரண்டையும் ஒன்றாக விட்டபோது சீமாட்டி ஒருதரம் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் பக்கத்தில் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்துத் தண்டல் கடைக்கு வந்தார். வாயார நன்றி சொல்லப் போகிறார் என்று நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவர் புகார் சொல்ல வந்திருந்தார். சீமாட்டி நன்றாகத் தின்கிறது, விலா எலும்பு மறைந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகவே தின்று ஒன்றாகவே தூங்குகின்றன. ஆனால் முன்னால் எல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் காலடியில் வந்து கிடக்கும். இப்போது அவர் அறைக்குள் நுழைந்தால் இரண்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகின்றன. நேற்று சீமாட்டி அவரைப் பார்த்துப் பின்காலால் தரையைத் தட்டியதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் தொழில்முறையிலேயே ஆலோசனை சொன்னேன். நீங்கள் உடுத்திய பழைய துண்டைக் கூண்டில் போடுங்கள், வாடை பழகட்டும். தரையில் உட்காருங்கள். கையில் இலை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், நீங்களாகக் கிட்டே போகாதீர்கள். தண்டல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். படியிறங்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அந்த வீட்டுல இப்ப நாந்தான் புது ஆளு, வே. கடல்லருந்து எப்ப வந்தாலும் வீட்டுல மொத ரெண்டு நாள் இப்படித்தான் பாப்பாங்க, பொறவு பழகிருவாங்க."

அத்தோடு முயலை விட்டுவிட்டுக் கோழி மட்டும் விற்கத் தொடங்கினேன், ஏனென்றால் கோழி வாங்கிப் போனவர் யாரும் அது வீட்டில் ஒத்துப்போகவில்லை என்று மறுநாள் திரும்பி வந்ததில்லை.