டீ குடிக்க வராத டீச்சர்

கணிதப் பொதுத்தேர்வன்று, எருமப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எனக்குக் கண்காணிப்பு வேலை. பக்கத்து அறைக்கு வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு; கணுக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்திருந்தன. நடக்கிற சத்தம் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மூன்று மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தார்.

கடைசி அரைமணியில் பள்ளிக்காரர் ஒருவர் வந்து, "பத்து நிமிசம் டீ குடிச்சுட்டு வாங்க" என்று எங்களைக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு விடை சொல்லித் தருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கம்போல நான் எழுந்து போனேன். பக்கத்து அறை ஆசிரியை அசையவில்லை.

தேர்வு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "பத்து நிமிசந்தானே டீச்சர், வந்திருக்கலாமே?"

"காலு வலி உசுரு போகுதுங்க சார். உக்காந்தாப் போதும்னுதான் இருந்துச்சு. ஆனா ரெண்டு புள்ளைக பேனாவ மூடி வெச்சுப்போட்டு, நான் எப்பப் போவேன்னு என்னையவே பாத்துட்டு இருந்துச்சுங்க. வருசம் பூரா காப்பியடிக்காதீங்கன்னு சொல்லிப்போட்டு, எப்படிங்க எந்திரிச்சுப் போறது?"

அடுத்த தேர்வுக்கு அவர் வரவில்லை. வேறு மையத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள்.

அன்றும் அதே ஆள் டீக்குக் கூப்பிட்டார். வாசல்வரை போனவன் அந்த டீச்சரை நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நான் வெளியே போவது எந்தப் பிள்ளைக்கும் ஆச்சரியமாக இல்லை.