லூர்து மேரியின் எட்டு மணி நேரம்

மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் பெண்கள் வெயிட்டிங் ரூமைப் பெருக்கித் துடைக்கும் லூர்து மேரிக்கும் தனியாக ஓர் ஆசை இருக்கக்கூடும் என்று அவள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதே இல்லை. கேட்டிருந்தால்தானே தெரிந்திருக்கும்! அவளே வாயைத் திறந்து சொன்னது 1986 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொன்ன பிறகு நாலு மாசம் அந்தக் குடும்பத்தில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அன்றைக்குப் பூசை முடிந்து எல்லோரும் கொழுந்தன் செபாஸ்டின் வீட்டில் கூடியிருந்தார்கள். கறிச்சோறு ஆயிற்று. செபாஸ்டின் பல்லைக் குத்திக்கொண்டே அந்த வருஷத்து ரயில்வே பாஸ் பற்றிய தீர்ப்பை அறிவித்தான்.

“இந்த மே மாசம் மெட்ராசுங்க அண்ணி. கடலோரமா பெரிய பார்க்கு ஒண்ணு போட்டிருக்காங்களாம். டிக்கெட் வாங்கி உள்ள போனா ராட்டினமே எட்டு தினுசு. குட்டி ரயிலு, சறுக்கு மரம், ஆளை விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிற கண்ணாடி ரூமு, எல்லாம் இருக்குதாம். புள்ளைங்க சந்தோசப்படும்.”

பிள்ளைகள் என்பது செபாஸ்டினின் பத்து வயது மகள் ஆக்னசும் மேரியின் பதினாலு வயது மகள் தெரசாவும். இரண்டும் குதித்தன. மேரி சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் போட்டுல போறேன்,” என்றாள்.

“எந்தப் போட்டுங்க?”

“ஆலப்புழையில ஏறி கொல்லத்துல எறங்கறது. ஒரு நாள் பூரா போவுமாம்.”

“அங்க என்னாங்க இருக்குது?”

“தண்ணி.”

செபாஸ்டின் சிரித்த சிரிப்பில் பல்குச்சி கீழே விழுந்தது. “தண்ணி பாக்கவா மலையாளம் போறது? ஒகேனக்கல்ல இல்லாத தண்ணியா? பஸ் ஏறுனா பரிசல்ல ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்து வுட்டுடுவான்.”

“பரிசல்ல முக்கா மணி நேரந்தான். எனக்கு எட்டு மணி நேரம் வேணும்.”

பாஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் கடைநிலை ஊழியராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு எங்கேயாவது இலவசமாகப் போய்வரலாம். எங்கே என்பதை முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ் மேரியின் பெயரில் வரும். எங்கே என்பது மட்டும் செபாஸ்டின் வாயிலிருந்து வரும். அவனும் பெண்டாட்டியும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே வருவார்கள். முதல் வருஷம் வேளாங்கண்ணி, செபாஸ்டின் கட்டிய புது வீட்டுக்கு வேண்டுதல். அடுத்த வருஷம் மதுரை, செபாஸ்டினின் மச்சான் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் மறுபடி வேளாங்கண்ணி, இந்தத் தடவை செபாஸ்டினின் மூலவியாதிக்காக. இப்படியே ஏழு வருஷம் ஓடியிருந்தது.

மேரி பொம்மிடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. கல்யாணமாகி மொரப்பூர் வந்தாள். புருஷன் ஸ்தனிஸ்லாஸ் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். 1978இல் வேலையில் இருக்கும்போதே எக்ஸ்பிரஸ் அடித்துச் செத்தான். அடுத்த வருஷம் அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். ‘கருணை அடிப்படையில்’ என்று ஆர்டரில் இருந்தது. செத்தவன் சிந்திய ரத்தத்துக்குக் கிடைத்த வேலைக்குக் கருணை என்று பெயர் வைத்த மகராசன் ஒரு நாளாவது வெயிலில் நின்று ஜல்லி அள்ளியிருக்க மாட்டான்.

போட் விஷயத்தை அவளிடம் சொன்னது ஒரு மலையாள நர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து மேரியோடு பேசுவாள். “ஆலப்புழையில் ஏறி உட்கார்ந்தா சாயந்தரம் கொல்லம் வரும் சேச்சி. அதுவரைக்கும் சும்மா உட்காரணும், அதுதான் வேலை,” என்றாள் ஒரு நாள்.

சும்மா உட்காரணும் என்ற சொல் மேரியின் மனசில் போய் ஒட்டிக்கொண்டது. ஊரார் உட்காருகிற பெஞ்சைத் துடைத்துத் துடைத்தே அவளுக்கு வயசு போய்க்கொண்டிருந்தது. வேளாங்கண்ணிக்குப் போனாலும் பை தூக்கியது அவள், சத்திரத்தில் ஸ்டவ் பற்ற வைத்தது அவள். மெட்ராஸ் பார்க்கில் என்ன நடக்கும் என்று அவளுக்கு ஜோசியம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. எல்லோரும் ராட்டினத்தில் மேலே போவார்கள். கீழே அத்தனை பேர் செருப்புக்கும் காவலாக ஒருத்தி நிற்பாள்.

விஷயம் பரவியது. புருஷனில்லாதவளுக்குக் கப்பல் சவாரி கேட்கிறதா என்று குழாயடியில் பேசினார்கள். மேரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஆமா, கேக்குது. உங்களுக்கும் கேட்டா சொல்லுங்க, சேந்து போலாம்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவர்களைச் சமாளிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கஷ்டம் வீட்டுக்குள் இருந்தது.

“எனக்கு ராட்டினம் ஏறணும்மா,” என்று அழுதாள் தெரசா. “போட்டுல போயி என்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

“எனக்குப் புடிக்கலை.”

“புடிக்காட்டி போவுது. நீ படிக்கறே. நாளைக்கு வேலைக்குப் போயி சம்பாரிச்சு நூறு ராட்டினம் ஏறு, நான் வேண்டாங்கல. இது எனக்கு.”

அம்மாக்கள் இப்படிப் பேசி தெரசா கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பெற்ற பிள்ளையை அழவிட்டு அப்படி என்ன போட் வேண்டிக்கிடக்கிறது என்று மேரிக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

செபாஸ்டின் தன்னிடமிருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தான். பாஸ் விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்கும். வருஷா வருஷம் அவன்தான் பூர்த்தி செய்வான், மேரி கையெழுத்துப் போடுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆக்னசுக்கு அரை டிக்கெட் எடுக்கிற வயசு வந்தபோது, அவளையும் மேரியின் மகள் என்று எழுதிவிட்டான். “பெரியம்மாவும் அம்மாதானுங்களே அண்ணி,” என்று அப்போது சமாதானம் சொன்னான். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. மேரியும் பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

“ஆபீசு ரிக்கார்டுல உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க,” என்றான் இப்போது. “திடீர்னு ஒண்ணுன்னு எழுதுனா கேள்வி வரும். பொய் எழுதிக் கொடுத்தீங்கன்னு வேலையவே புடுங்கிடுவான். பேசாம மெட்ராசுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

மேரி விண்ணப்பத்தை வாங்கினாள். கையெழுத்துப் போடாமலே எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் கிருஷ்ணப்பன் முன்னால் போய் நின்றாள்.

“புது ஃபாரத்துல நீங்களே எழுதிக் கொடுங்க சார்.”

கிருஷ்ணப்பன் நல்ல மனுஷன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எங்கம்மா போற?”

“ஆலப்புழை.”

“அங்க ரயிலு இல்ல. எர்ணாகுளம்னு போடறேன், அங்கிருந்து பஸ்சுல போயிக்க. கூட யாரு?”

“எம்பொண்ணு தெரசா ஒருத்திதான்.”

பேனா நின்றது. “போன வருசம் வரைக்கும் ரெண்டு பொண்ணு இருந்துச்சே. இன்னொண்ணு இந்தத் தடவ வரலியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் எழுதியிருப்பார், வேலையும் முடிந்திருக்கும். வேலை போனால் சோறில்லை, ரயில்வே குவார்ட்டர்சில் இருக்கிற ஒற்றை ரூமும் இல்லை.

“எனக்கு ஒரே பொண்ணுதான் சார். அது என் கொழுந்தன் பொண்ணு. நாலு வருசமா பொய் எழுதியிருக்குது.”

கிருஷ்ணப்பன் கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “நீ எதுவும் சொல்லல, என் காதுலயும் விழல. வூட்டுக்குப் போயி நல்லா யோசிச்சுட்டு நாளைக்கு வா.”

“விழுந்துடுச்சுங்க சார். எழுதுங்க.”

மேலாபீசிலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. மேரி யாரிடமும் எழுதச் சொல்லிப் போகவில்லை. ஐந்தாம் வகுப்புத் தமிழில் தானே எழுதினாள். ‘எனக்கு ஒரு மகள்தான். இன்னொரு பெயர் பொய். எழுதியது நான் இல்லை. தெரிந்தே கையெழுத்துப் போட்டது நான். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள். இனி என் பாஸில் என் பெயரும் என் மகள் பெயரும் மட்டும் இருக்க வேண்டும்.’ எழுதியது யார் என்பதை அவள் சொல்லவில்லை. அது அவள் பெருந்தன்மை. செபாஸ்டின் இரண்டு மாசம் ஸ்டேஷன் பக்கமே தலைகாட்டாமல் இருந்தது அவன் வீரம்.

ஏப்ரலில் முடிவு வந்தது. வேலை போகவில்லை. கடுமையான எச்சரிக்கை, அதோடு இரண்டு வருஷத்துக்குப் பாஸ் கிடையாது. சேதி கேட்டதும் செபாஸ்டினுக்கு உயிர் வந்தது. அன்று மாலையே வந்து வாசலில் நின்றான்.

“பாத்தீங்களா அண்ணி? வீம்பு புடிச்சீங்க. இப்ப பார்க்கும் இல்ல, போட்டும் இல்ல.”

“பாஸுதான் இல்ல தம்பி. போட்டு அங்கதான் இருக்குது.”

மறுநாள் அவள் வளர்த்த கிடாவை விற்றாள். ஆக்னஸ் கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு என்று குடும்பமே கண் வைத்திருந்த கிடா அது. செபாஸ்டின் பெண்டாட்டி வந்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். “வளத்தது நானு,” என்றாள் மேரி.

மே மாசம் மொரப்பூர் கவுன்டரில் வரிசையில் நின்று எர்ணாகுளத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள். உள்ளே இருந்த கிளார்க் அவளைத் தினமும் பார்க்கிறவர். ரயில்வேக்காரி காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதா என்று விழித்தார். “டிக்கெட்ட குடுங்க சார், பின்னாடி ஆளு நிக்கறாங்க,” என்றாள் மேரி. நாலு மாசத்தில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

தெரசா சேலம் தாண்டும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், ஆலப்புழை வரை இறக்கவே இல்லை. படகுத்துறையில் போட் நின்றது. மேரி ஏறி, முன்பக்கம் ஜன்னலோரமாக இடம் பிடித்தாள். பெஞ்சில் தூசி படிந்திருந்தது. கை தன்னால் முந்தானையைப் பிடித்தது. பிடித்த கையை விட்டுவிட்டு, அந்தத் தூசியின் மேலேயே உட்கார்ந்தாள்.

போட் புறப்பட்டது. இரண்டு பக்கமும் தென்னை, வாசற்படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிற பெண்கள், தண்ணீரை விடப் பள்ளத்தில் கிடக்கிற வயல்கள். ஒவ்வொரு துறையிலும் யாராவது இறங்கினார்கள், யாராவது ஏறினார்கள். மேரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. பை தூக்கச் சொல்லவில்லை, தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. முதல் ஒரு மணி நேரம் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பிறகு அது மடியில் சும்மா கிடந்தது. ஸ்தனிஸ்லாசை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். அவன் செத்தபோது உட்கார்ந்து அழக்கூட அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது தெரசா வந்து தோளை உலுக்கினாள்.

“அம்மா, போரடிக்குது. ஊரு எப்பதான் வரும்?”

மேரி செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் பெஞ்சின் மேல் காலை நீட்டினாள்.

“இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்குதுடி,” என்றாள்.