நடைபாதையில் கேட்ட ஹாரன்

விவேக் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, காய்கறிப் பையோடு நடைபாதையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலையில் வண்டிகள் சிக்னலுக்காக நின்றிருந்தன. முதுகுக்குப் பின்னால் விடாமல் ஹாரன். திரும்பினால், நடைபாதை மேலேயே ஒரு ஸ்கூட்டர்.

ஹாரன் கேட்டால் ஒதுங்கியே பழகிவிட்ட உடம்பு. யோசிக்காமல் சாலையில் இறங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து சிக்னல் பச்சையாக, பஸ் ஒன்று என் புடவையை உரசிக்கொண்டு போனது. கைநழுவி விழுந்த பை அதன் சக்கரத்தில் நசுங்கியது.

ஸ்கூட்டர்காரர் நின்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன ஆன்ட்டி, நடைபாதை இருக்கறப்போ ரோட்ல எறங்குறீங்க? பாத்துப் போங்க" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, அந்த நடைபாதையிலேயே போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இப்போதெல்லாம் அங்கே ஹாரன் கேட்டால் நான் ஒதுங்குவதில்லை. நடுவில் அப்படியே நின்றுவிடுகிறேன். போன வாரம் பைக்கில் வந்த ஒருவர், "இது என்ன உங்க அப்பன் வீட்டு ரோடா?" என்று எகிறினார்.

"ரோடு அதோ இருக்கு. இது நான் நடக்கற எடம்" என்றேன். அவர் பைக்கைப் பின்னால் உருட்டி சாலையில் இறக்கும்வரை நான் நகரவில்லை.